மாறுகண் அதிர்ஷ்டமா? ஒரு பழைய மரப்பெட்டி சொல்லும் பதில்



சில மாதங்களுக்கு முன் வீரபாண்டி கௌமாரியம்மன் கோயிலில் என் அண்ணன் பேத்திக்கு மொட்டையும் காதுகுத்தும் நடந்தன. குழந்தைக்கு நாலு வயது. தாய்மாமன் மடியில் உட்கார்ந்து, ஆசாரி ஊசியை எடுக்கும்வரை சிரித்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் கவனித்தேன். வலது கண் ஆசாரியைப் பார்க்கிறது. இடது கண் மூக்கோரம் ஒதுங்கி நிற்கிறது.

சாப்பாட்டுப் பந்தியில் அண்ணன் மகனிடம் மெதுவாகக் கேட்டேன். "குழந்தை கண்ணை யாரிடமாவது காட்டினாயாப்பா?" அவன் வாயைத் திறப்பதற்குள் மதினி முந்திக்கொண்டார்.

"அது அதிர்ஷ்டக் கண்ணு கொழுந்தனாரே. அவ பொறந்த வருஷந்தான் இவன் ஏலக்காயில நாலு காசு பாத்தான். நீங்க வேற கண்ணு வச்சிராதீக."

"அதிர்ஷ்டமும் இல்லை ஒண்ணும் இல்லை மதினி, அது நோய்" என்றேன். பந்தியே நின்றுவிட்டது. நல்ல நாளும் அதுவுமாக அபசகுனமாகப் பேசியவன் என்ற பெயரோடு சின்னமனூர் பஸ் ஏறினேன். அன்று இலைக்கு முன்னால் உட்கார்ந்து சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன். நம் வயதுக்காரர்கள் படிக்க வேண்டும். ஏனென்றால் இந்த அதிர்ஷ்டக் கதையை வீட்டில் பரப்புவது நாம்தான். தாய் தகப்பன் பயந்து ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினால், "ஒண்ணுமில்ல, வளர வளரச் சரியாயிரும்" என்று வாசலில் மறிப்பதும் நாம்தான்.

எனக்கு இதில் பேச என்ன தகுதி என்று கேட்பீர்கள். சொல்கிறேன். இதுவரை என் மனைவிக்கு மட்டுமே தெரிந்த விஷயம்.

நான் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு வழிப் பள்ளியில் என்று முன்பே எழுதியிருக்கிறேன். 1963-ஆம் வருஷம், எனக்குப் பதின்மூன்று வயது. பௌதிகம் நடத்திய முசியே ஒருநாள் வகுப்புக்கு ஒரு மரச்சாமானைக் கொண்டுவந்தார். முகத்தில் பொருத்திப் பார்க்கும் மறைப்பு, அதில் இரண்டு லென்ஸ், கீழே கைப்பிடி, முன்னால் முன்னும் பின்னும் தள்ளக்கூடிய ஒரு குறுக்குச் சட்டம். அந்தச் சட்டத்தில் ஓர் அட்டை. அட்டையில் பாரிஸ் வீதி ஒன்றின் படம், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு தடவை. அதுதான் ஸ்டீரியோஸ்கோப். வரிசையாக வந்து பார்க்கச் சொன்னார். பார்த்த பையன்கள் ஒவ்வொருவனும் கத்தினான். விளக்குக் கம்பம் வெளியே வந்து நிற்கிறது என்றான் ஒருவன். குதிரை வண்டிக்குப் பின்னால் நடந்து போகலாம் போல இருக்கிறது என்றான் இன்னொருவன்.

என் முறை வந்தது. எனக்குத் தெரிந்தது ஒரு சாதாரண போட்டோ. தட்டையான போட்டோ. சட்டத்தை முன்னே தள்ளினேன், பின்னே இழுத்தேன். ஒன்றும் ஆகவில்லை. பின்னால் பையன்கள் நெருக்கினார்கள். "விளக்குக் கம்பம் வெளியே நிற்கிறது முசியே" என்று சொல்லிவிட்டு இறங்கினேன். அந்தப் பொய்யைக் கிட்டத்தட்ட ஐம்பது வருஷம் கட்டிக் காத்தேன். எனக்கும் இடது கண் மாறுகண். என் அப்பாயியும் என்னை அதிர்ஷ்டக்காரன் என்றுதான் சொன்னார்.

அந்தப் பெட்டி எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால், என் கண்ணில் என்ன குறை என்பதும் தெரிந்துவிடும். ஆகவே அதன் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

முதலில் நீங்களே ஒரு சோதனை செய்து பாருங்கள். கட்டைவிரலை முகத்துக்கு நேரே நீட்டி, ஒரு கண்ணை மூடுங்கள். பிறகு அதைத் திறந்து மற்றதை மூடுங்கள். விரல் இடம் மாறித் தெரியும். இரண்டு கண்ணுக்கும் இடையே சுமார் ஆறரை சென்டிமீட்டர் இடைவெளி. அதனால் இரண்டும் ஒரே பொருளைக் கொஞ்சம் வேறு வேறு கோணத்தில் பார்க்கின்றன. இது எல்லாருக்கும் எப்போதும் தெரிந்ததுதான். ஆனால் இந்த வேறுபாடு எதற்கு என்று ஒழுங்காகக் கேட்டவர் லண்டன் பேராசிரியர் சார்லஸ் வீட்ஸ்டன்.

1838 ஜூனில் அவர் ராயல் சொசைட்டியில் ஒரு கட்டுரை வாசித்தார். போட்டோ எடுக்கும் முறை உலகத்துக்கு அறிவிக்கப்பட்டது 1839-இல். அதாவது, போட்டோ வருவதற்கு முன்பே ஸ்டீரியோஸ்கோப் வந்துவிட்டது. அவர் கையால் வரைந்த கோட்டுப் படங்களை வைத்துக்கொண்டார். ஒரு கனசதுரம், ஒரு கூம்பு, இப்படி. ஒவ்வொன்றும் இரண்டு படம்: ஒன்று வலது கண்ணுக்குத் தெரிவது போல, மற்றது இடது கண்ணுக்குத் தெரிவது போல. மூக்குக்கு நேரே இரண்டு கண்ணாடிகளைச் செங்கோணத்தில் நிறுத்தினார். படங்களை இடப்பக்கம் ஒன்றும் வலப்பக்கம் ஒன்றுமாகப் பலகையில் மாட்டினார். இடது கண் இடது கண்ணாடியில் தன் படத்தை மட்டும் பார்க்கும். வலது கண் அதேபோல. வெறும் கோடுகள் கனமான பொருளாக எழுந்து நின்றன.

அவர் ஏன் வெறும் கோடுகளை எடுத்துக்கொண்டார் என்பது முக்கியம். நிழலும் வண்ணமும் இருந்தால், ஆழம் அவற்றால் வந்தது என்று ஒருவர் வாதாடலாம். கோட்டுப் படத்தில் அந்த வாதத்துக்கு இடமில்லை. ஆழம் தெரிகிறது என்றால் அதைத் தந்தது ஒன்றே ஒன்றுதான்: இரண்டு கண்ணும் சேர்ந்து அனுப்பும் இரண்டு படத்தை மூளை ஒன்றாக்குவது.

வீட்ஸ்டனின் கருவி மேசையை அடைக்கும் அளவு பெரியது. அதைக் கைக்கு அடக்கமாக்கியவர் ஸ்காட்லாந்தின் டேவிட் புரூஸ்டர், 1849-இல். கண்ணாடிகளை எடுத்துவிட்டு லென்ஸ் வைத்தார். ஒரே லென்ஸை இரண்டாக வெட்டி, பாதியைக் கண்ணுக்கு ஒன்றாகப் பொருத்தினார். ஒரே லென்ஸின் இரு பாதி என்பதால் இரண்டுக்கும் சக்தி அச்சாக ஒன்றாக இருக்கும். தடித்த ஓரம் வெளிப்பக்கம், மெலிந்த ஓரம் மூக்குப் பக்கம். பக்கத்துப் பக்கத்தில் உள்ள இரண்டு படமும் நடுவே ஒரே இடத்தில் விழுவது போலத் தெரியும். மூடிய பெட்டி, வெளிச்சம் விட ஒரு கதவு, அவ்வளவுதான்.

இங்கிலாந்தில் இதைச் செய்து விற்க ஆள் கிடைக்கவில்லை. 1850-இல் பாரிசுக்குக் கொண்டுபோனார். அங்கே முவாஞோ என்ற பாதிரியார் இதில் மயங்கினார். துய்போஸ்க் என்ற கண்ணாடிக் கைவினைஞர் அழகாகச் செய்து கொடுத்தார். 1851 லண்டன் மகா கண்காட்சியில் விக்டோரியா மகாராணி இதைப் பார்த்து வியந்தார். பிறகென்ன, ஐரோப்பாவில் வசதியுள்ள வீட்டு வரவேற்பறைகளில் எல்லாம் இந்தப் பெட்டி ஏறியது. 1861-இல் அமெரிக்க டாக்டர் ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் பெட்டியையே கழற்றிவிட்டுக் கைப்பிடியோடு ஒரு மலிவான சட்டம் செய்தார். வேண்டுமென்றே காப்புரிமை வாங்கவில்லை. யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். முசியே கொண்டுவந்தது அந்த வகைதான். படத்தை அவரவர் கண்ணுக்கு ஏற்ப முன்பின் தள்ளும் சட்டத்தைச் சேர்த்தவர் பாஸ்டன் வியாபாரி பேட்ஸ்.

கண்ணாடி, அரை லென்ஸ், கைப்பிடிச் சட்டம் என்று இருபத்து மூன்று வருஷத்தில் மூன்று விதமான வடிவம். மூன்றுக்கும் பொதுவானது ஒன்றுதான். இடது கண்ணுக்கு இடது படம், வலது கண்ணுக்கு வலது படம். அதற்கு மேல் செய்ய வேண்டியதைப் பார்ப்பவர் கொண்டுவர வேண்டும். துய்போஸ்க் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அந்தக் கடைசி பாகத்தை மரத்திலும் பித்தளையிலும் செய்து தர முடியாது.

இதற்கு முசியே அன்று ஒரு வேடிக்கைக் கதை சொன்னார். பிரெஞ்சு நூல்களில் பலமுறை வரும் கதை. முவாஞோ பாதிரியார் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பாரிஸ் அறிவியல் அகாதெமியின் பெரிய மனிதர்களிடம் போனாராம். அராகோவுக்கு இரட்டைப் பார்வைக் கோளாறு; ஒன்றும் தெரியவில்லை. பெக்கெரலுக்கு ஒரு கண் சரியில்லை. பூயியேவுக்கு மாறுகண். எல்லாரும் கையை விரித்தார்கள். கடைசியில் ரெஞோ என்பவருக்குத்தான் இரண்டு கண்ணும் ஒழுங்காக இருந்ததால் அதிசயம் புரிந்தது. சில நூல்களில் 1841-லேயே இறந்துபோன சவாரையும் இந்தப் பட்டியலில் சேர்த்திருப்பார்கள். ஆகவே குமாஸ்தாவாக நான் இதைக் கோப்பில் அப்படியே ஏற்ற மாட்டேன். ஆனால் கதையின் சாரம் உண்மை: எவ்வளவு பெரிய அறிவாளியானாலும், இரண்டு கண்ணும் ஒத்துழைக்காவிட்டால் அந்தப் பெட்டி அவருக்கு வெறும் பெட்டி. வகுப்பு முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தப் பட்டியலில் என் பெயரும் உண்டு என்று அப்போது எனக்குத் தெரியாது.

இதெல்லாம் சீமைக் கதை, நமக்கென்ன என்று நினைக்காதீர்கள். இந்த இரட்டைப் படம் 1858-லேயே நம் மதுரைக்கு வந்துவிட்டது. சென்னை மாகாண அரசின் போட்டோகிராபர், கேப்டன் லின்னேயஸ் டிரைப், மாட்டு வண்டியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று சுற்றினார். மீனாட்சி கோயிலையும் திருமலை நாயக்கர் மகாலையும் பெரிய படங்களாக எடுத்ததோடு, மதுரையை இரட்டைப் படங்களாகவும் எடுத்துத் தனித் தொகுப்பாக வெளியிட்டார். அப்போது நம் கம்பம் பள்ளத்தாக்கும் மதுரை ஜில்லாவில்தான் இருந்தது. மறு வருஷமே புதிய கவர்னர் டிரெவெல்யன், இது அரசாங்கத்துக்கு ஆடம்பரச் செலவு என்று அந்த வேலையை நிறுத்திவிட்டார். அரசு அலுவலகத்தில் காலம் தள்ளிய எனக்கு அந்த உத்தரவில் ஆச்சரியமில்லை.

சில வருஷங்களுக்கு முன் என் மகன் ஓர் அட்டைப் பெட்டிக் கண்ணாடியை வாங்கி வந்தான். உள்ளே கைபேசியைச் செருகிப் பார்ப்பது. பிரித்துப் பார்த்தால் புரூஸ்டரின் பெட்டிதான்: இரண்டு லென்ஸ், நடுவில் தடுப்பு, இரண்டு படம். பழைய மதுரைப் படம் ஒன்றை அதில் காட்டினான். தெருப் பிள்ளைகள் தூணுக்குப் பின்னால் தூண் நிற்கிறது என்று கத்தினார்கள். நான் பார்த்தேன். 1963 போலவே தட்டையான படம்.

அதற்கு முன்பே காரணம் தெரிந்துவிட்டது. ஓய்வுபெற்ற பிறகு கண்புரைக்காகப் போனபோது டாக்டரம்மா சொன்னார்: "ஐயா, வலது கண்ணுக்கு ஆபரேஷன் செய்தால் நன்றாகத் தெரியும். இடது கண்ணில் செய்தாலும் பெரிய பலன் இருக்காது. கண் கெடவில்லை. சின்ன வயசிலேயே உங்க மூளை அந்தக் கண்ணை ஒதுக்கிவிட்டது. அஞ்சு வயசில் வந்திருந்தால் கதையே வேறு." அஞ்சு வயதில் நான் வீட்டில் அதிர்ஷ்டக்காரனாக உட்கார்ந்திருந்தேன்.

நடப்பது இதுதான். கண்கள் இரண்டும் வேறு வேறு திசையில் பார்த்தால் மூளைக்கு ஒட்டவே ஒட்டாத இரண்டு படம் போகிறது. எல்லாம் இரண்டாகத் தெரியாமலிருக்க, குழந்தையின் மூளை ஒரு படத்தைக் கண்டுகொள்ளாமல் விடுகிறது. நாளடைவில் அந்தக் கண்ணால் பார்க்கவே கற்றுக்கொள்ளாமல் போகிறது. இதைத்தான் சோம்பேறிக் கண் என்கிறார்கள். ஏழெட்டு வயதுக்குள் கவனித்தால் பெரும்பாலும் மீட்கலாம். வயது ஏற ஏறக் கடினம்.

இப்போது அதிர்ஷ்டக் கட்சிக்காரர்களுக்கு என் பதில்கள்.

"அது ராசி." ராசி என்றால் பள்ளிக்கூடத்தில் ஏன் அந்தப் பிள்ளைக்கு 'ஒண்ணரைக் கண்ணு', 'டோரிக் கண்ணு' என்று பெயர்? வீட்டில் ராசி, தெருவில் கேலி. இரண்டையும் சொல்வது நாமேதான். பிரெஞ்சுக்காரர்களும் கண்ணில் ஒரு ஒய்யாரம் இருப்பதாக இதைச் செல்லமாகச் சொல்வார்கள். ஊருக்கு ஊர் சர்க்கரை தடவுகிறார்கள். ஆனால் அதே பிரான்சில் பியுஃபோன் என்ற அறிஞர், நல்ல கண்ணை மூடிக் கட்டி மாறுகண்ணுக்கு வேலை கொடுக்க வேண்டும் என்று 1743-லேயே எழுதிவிட்டார். அதே வைத்தியம் இன்றும் நடக்கிறது.

"வளர வளரச் சரியாகிவிடும்." பிறந்த முதல் சில மாதங்களில் கண் அங்குமிங்கும் ஓடுவது உண்டு. ஆறு மாதத்துக்குப் பிறகும் விலகி நின்றால் அது தானாகச் சரியாகும் என்று காத்திருக்கக் கூடாது. நான் எழுபது தாண்டி வளர்ந்துவிட்டேன், சரியாகவில்லை. இன்னொன்று, சொல்லவே மனம் வராவிட்டாலும் சொல்லியாக வேண்டும். சில பிள்ளைகளுக்குக் கண்ணுக்குள் புரையோ கட்டியோ இருந்து அதனால் மாறுகண் வரும். அங்கே காத்திருப்பது உயிரோடு விளையாடுவது.

"பொட்டப் பிள்ளைக்குக் கண்ணாடி போட்டால் நாளைக்கு மாப்பிள்ளை கிடைக்குமா?" எல்லா மாறுகண்ணுக்கும் ஆபரேஷன் தேவையில்லை. பலருக்குக் கண்ணாடியிலேயே கண் நேராகிவிடும். கண்ணாடிக்கு மாப்பிள்ளை கிடைக்காத ஊரில் மாறுகண்ணுக்கு மட்டும் வரிசையில் நிற்கிறார்களா?

"நீ ஒரு கண்ணை வைத்துக்கொண்டு முப்பத்தஞ்சு வருஷம் உத்தியோகம் பார்க்கவில்லையா?" பார்த்தேன். உத்தமபாளையம் தாலுகா அலுவலகத்தில் கோப்புத் துளைக்குள் டேக் கோக்கும்போது முதல் தடவையில் எனக்கு விழுந்ததே இல்லை. பக்கத்து மேசைக்காரர் சிரிப்பார். சின்ன வயதில் எந்தப் பந்தையும் பிடித்ததில்லை. டம்ளருக்கு வெளியே காபி ஊற்றித் திட்டு வாங்கியிருக்கிறேன். தெரியாத படிக்கட்டில் இறங்கும்போது இன்றும் காலால் துழாவுகிறேன். குமுளி மலைப்பாதையில் வண்டி ஓட்ட ஒருநாளும் துணிந்ததில்லை. அளவையும் நிழலையும் வைத்து மனக்கணக்குப் போட்டே வாழ்ந்துவிட்டேன். அது வாழ்க்கைதான். ஆனால் அந்தக் கணக்கை இன்னொரு குழந்தை தலையில் கட்டச் சொல்லாதீர்கள்.

அந்த மரப்பெட்டியையே வைத்தியக் கருவியாக்கியவரும் ஒரு பிரெஞ்சுக்காரர். எமில் ஜவால் படித்தது எஞ்சினியர் தொழில். தங்கைக்கு மாறுகண். அவர் வீட்டில் யாரும் ராசி என்று சொல்லவில்லை போலும். 1860-களில் ஸ்டீரியோஸ்கோப் படங்களை வைத்துத் தங்கைக்கு இரண்டு கண்ணையும் சேர்த்துப் பார்க்கும் பயிற்சி கொடுத்தார். எஞ்சினியர் வேலையை விட்டு மருத்துவம் படித்துக் கண் டாக்டரானார். பல வருஷ அனுபவத்தை 1896-இல் மாறுகண் பற்றிய நூலாக எழுதினார். இன்று கண் ஆஸ்பத்திரியில் குழந்தைகளை உட்காரவைத்துப் பார்க்கச் சொல்லும் இரட்டைக் குழாய்க் கருவி, வீட்ஸ்டனின் இரண்டு கண்ணாடிக்குப் பேரப்பிள்ளை.

நம் பக்கத்தில் வசதி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அரசுப் பணியில் 58 வயதில் ஓய்வுபெற்று, முடக்குவாதத்தால் வளைந்த விரல்களோடு டாக்டர் வெங்கடசாமி 1976-இல் மதுரையில் பதினொரு படுக்கையோடு தொடங்கியது அரவிந்த் கண் மருத்துவமனை. தேனியிலும் அதன் கிளை இருக்கிறது. கானாவிலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. ஓய்வுபெற்ற ஒருவர் அவ்வளவு செய்திருக்கிறார். நாம் ஒரு பேரப்பிள்ளையைப் பஸ் ஏற்றிக் கூட்டிப்போனால் போதும்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். குழந்தை விளையாடும்போது ஒரு கண்ணை மெதுவாகக் கையால் மூடுங்கள். பிறகு மற்றதை. ஒரு கண்ணை மூடும்போது சும்மா இருந்துவிட்டு, மற்றதை மூடும்போது மட்டும் அழுது கையைத் தட்டிவிட்டால் உடனே டாக்டரிடம் போங்கள். கண் நேராக இருந்தாலும் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். வெளியே தெரியாத சோம்பேறிக் கண்ணும் உண்டு. மாறுகண் வெளியே தெரிந்தால் சோதனையெல்லாம் வேண்டாம், நேரே டாக்டரிடமே போங்கள்.

காதுகுத்து முடிந்து பத்து நாள் கழித்து அண்ணன் மகன் போன் செய்தான். "சித்தப்பா, அம்மாகிட்ட சொல்லல. நீங்க கூட வர்றீங்களா?" போனோம். ஒரு பெரிய ஈயின் படத்தைக் காட்டி, தனிக் கண்ணாடி மாட்டிவிட்டு, சிறகைப் பிடி என்றார்கள். இரண்டு கண்ணும் சேர்ந்து பார்க்கும் குழந்தைக்கு ஈ எழும்பித் தெரியும். காற்றில் சிறகைக் கிள்ளப் போகும். எங்கள் குழந்தை காகிதத்தின்மேல் உள்ளங்கையை வைத்துத் தடவினாள். எனக்கு அந்தப் பாரிஸ் வீதி ஞாபகம் வந்தது. அவள் பொய் சொல்லவில்லை என்பது மட்டுமே வித்தியாசம்.

இப்போது கண்ணாடி போட்டிருக்கிறாள். தினமும் சில மணி நேரம் நல்ல கண்ணில் ஒட்டுப் போடுகிறார்கள். பார்வை தேறும் என்று நம்பிக்கையாகச் சொல்கிறார்கள். அந்த ஈ எழுந்து நிற்குமா என்பதற்கு உறுதி தரவில்லை; இன்னும் இரண்டு வருஷம் முன்னால் வந்திருக்கலாம் என்றார்கள்.

மதினி என்னோடு இன்னும் பேசவில்லை. பேசாவிட்டால் போகிறது. ஒட்டுப் போடும் நேரத்தில் குழந்தை அழாமலிருக்கக் கதை சொல்வது அவர்தான் என்று கேள்விப்பட்டேன்.